நூறை நெருங்கும் கோச்சிப் பாதை



நம் சாம்பல்தீவில் தண்டவாளம் கிடையாது. உப்புவெளியைத் தாண்டி நிலாவெளிப் பக்கம் வருகிறவர்கள் கடலையும் களப்பையும் பனையையும் பார்ப்பார்கள். கோச்சியைப் பார்க்க வேண்டுமானால் திருகோணமலைப் பட்டணத்துக்குத்தான் போக வேண்டும். ஆனாலும் கொழும்புக்கு வேலைக்குப் போனவர், பேராதனைக்குப் படிக்கப் போனவர், கட்டுநாயக்காவில் விமானம் ஏறப் போனவர் என்று இரவு மெயிலில் பயணப்பட்ட ஒருவராவது இங்கே அநேகமாக எல்லா வீட்டிலும் இருப்பார். அவரை ஏற்றிவிடப் போய், வண்டி நகர்ந்த பிறகும் மேடையில் நின்றவர்களும் இருப்பார்கள்.

திருகோணமலைக்கு வரும் அந்த ரயில் பாதை 1927இல் திறக்கப்பட்டது. வரும் 2027இல் அதற்கு நூறு வயது. நூற்றாண்டு வரும்போது நம் கையில் அதன் படங்கள் எத்தனை இருக்கும் என்ற கவலை எனக்குக் கொஞ்ச நாளாகவே உண்டு. இந்த மாதப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன்.

இலங்கையில் ரயில் ஓடத் தொடங்கியது 1864 டிசம்பரில். கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை முதல் வண்டி போனது. 1867இல் பாதை கண்டியை எட்டியது. கோப்பியும் பிறகு தேயிலையும் மலையிலிருந்து துறைமுகத்துக்கு இறங்கவேண்டும் என்பதற்காகப் போட்ட பாதை அது. யாழ்ப்பாணத்துக்கு 1905இல் கொழும்புத் தொடர்பு கிடைத்தது. தலைமன்னாருக்கு 1914. கிழக்கின் முறை கடைசியாகத்தான் வந்தது. மாகோவில் வடபாதையிலிருந்து பிரிந்து, கல்ஓயாச் சந்தியில் இரண்டாகக் கிளைத்து, ஒரு கிளை 1927இல் திருகோணமலைக்கும் மறு கிளை அடுத்த ஆண்டு மட்டக்களப்புக்கும் வந்து சேர்ந்தன. குறைந்த செலவில் போட்ட இலேசு ரயில்வே என்றே அன்று அதைச் சொன்னார்கள். ஆனால் அகலம் மற்றப் பெரும்பாதைகளின் அதே ஐந்தரை அடி. அதனால் கொழும்புக் கோட்டையில் ஏறியவர் வண்டி மாறாமல் நம் கடற்கரை வரை வரமுடிந்தது.

பிந்தி வந்ததற்கு ஒரு விலை இருந்தது. இலங்கை ரயிலின் அழகான பழைய படங்கள் எல்லாம் அதற்கு முந்திய காலத்தவை. ஸ்கீன், ஸ்கோவன் போன்ற கொழும்புப் படப்பிடிப்பு நிலையங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பெரிய பெட்டிக் கமராக்களைத் தூக்கிக்கொண்டு கடுகண்ணாவை ஏற்றத்துக்குப் போய், பாறை விளிம்பில் ஒட்டிக்கொண்டு செல்லும் பாதையைக் கண்ணாடித் தகட்டில் பதித்தன. ஹென்றி கேவ் என்ற ஆங்கிலேயர் 1910இல் இலங்கை அரசாங்க ரயில்வே பற்றி ஏராளமான படங்களோடு ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டார். இன்றைக்கும் ரயில் பிரியர்கள் தேடிப் படிக்கும் நூல் அது. அதில் நம் பாதை இல்லை. அப்போது கந்தளாய்க் காட்டுக்குள் ஒரு தண்டவாளமும் போடப்பட்டிருக்கவில்லை.

இன்றும் நிலைமை பெரிதாக மாறவில்லை. உலகத்தார் இலங்கை ரயில் என்றால் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தைத்தான் படம் பிடிக்கிறார்கள். 1921இல் கட்டி முடித்த அந்தப் பாலம் அழகுதான், மறுக்க மாட்டேன். தேயிலைத் தோட்டத்து மூடுபனிக்குள்ளிருந்து நீலப் பெட்டிகள் வளைந்து வருவது கண்கொள்ளாக் காட்சி. ஆனால் கல்ஓயாவிலிருந்து திருகோணமலை வரையான எழுபது கிலோமீற்றரில் இருப்பதைப் பார்க்க யாரும் கமராவோடு வருவதில்லை. நாமும் எடுப்பதில்லை. வெளியூரார் எடுக்காததில் எனக்கு வருத்தமில்லை. நாம் எடுக்காததில்தான் வருத்தம்.

அதற்குக் காரணங்கள் உண்டு, அவற்றை ஒளிக்கத் தேவையில்லை. திருகோணமலை ஒரு கடற்படைத் துறைமுகம். வெள்ளைக்காரன் காலம் தொட்டே இங்கே கமராவைத் தூக்கினால் யாராவது ஏன் என்று கேட்பார்கள். போர்க்காலத்தில் கேள்வி இன்னும் கடுமையானது. ஸ்ரேசனுக்குள் பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையை நீட்டி, பெயர் ஊர் சொல்லி நின்ற தலைமுறை நாம். அந்த நேரத்தில் வண்டியையும் பாலத்தையும் படம் எடுத்து வில்லங்கத்தை விலைக்கு வாங்க யார் துணிவார்? எடுத்த கொஞ்சமும் தங்கவில்லை. 1990இல் ஊரே எழும்பி ஓடியபோது உறுதிக் கட்டையும் பிள்ளையின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தையும் எடுத்தவர்கள் அல்பத்தை விட்டுவிட்டு ஓடினார்கள். திரும்பி வந்தபோது வீடே இல்லை. அதன் பிறகு சேர்த்ததை 2004 டிசம்பர் 26 காலையில் கடல் கொண்டுபோனது. நிலாவெளி, சல்லி, சாம்பல்தீவு என்று இந்தக் கரையில் படம் இல்லாத வீடுகள் அத்தனைக்கும் இந்த இரண்டில் ஒரு காரணமாவது இருக்கும்.

வடக்குப் பாதைக்கு நடந்ததைப் பாருங்கள். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990இல் வவுனியாவோடு நின்றது. அதற்கு வடக்கே இருந்த தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. பாதை கிடந்த மண்மேட்டில் பற்றை வளர்ந்தது. யாழ்ப்பாண ஸ்ரேசன் கூரையில்லாமல் சன்னம் துளைத்த சுவர்களோடு ஏறத்தாழ கால் நூற்றாண்டு நின்றது. 2014 ஒக்ரோபரில் வண்டி மறுபடி யாழ்ப்பாணம் வந்தபோது அதை வரவேற்க வந்த இளையவர்களில் பலர் வாழ்நாளில் முதல் தடவையாக ரயிலைப் பார்த்தார்கள். பழைய நிலையம் எப்படி இருந்தது, மேடையில் எந்தப் பக்கம் தேத்தண்ணிக் கடை இருந்தது என்று அவர்களுக்குக் காட்டுவதற்கு மிஞ்சியிருந்தவை சில வீடுகளில் தப்பிக்கிடந்த படங்கள்தான். கடலுக்கு அக்கரையிலும் இதே கதை. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. நம் தலைமன்னாரிலிருந்து கப்பல் போய்ச் சேர்ந்த அந்த நிலையத்தை இன்றைக்கு இடிந்த சுவர்களில்தான் தேட வேண்டும். நம் திருகோணமலைப் பாதை போர்க்காலத்தில் பலமுறை முடங்கியது. ஆனாலும் வடக்கைப் போல வேரோடு பிடுங்கப்படவில்லை. பாதை இன்னும் இருக்கிறது, வண்டி இன்னும் வருகிறது. படம் எடுக்க இதைவிட நல்ல காலம் நமக்கு வாய்க்காது.

இந்தப் பாதையில் எடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். கல்ஓயாவிலேயே தொடங்கலாம். காட்டுக்கு நடுவில் ஒரு சந்தி அது. மட்டக்களப்புப் பெட்டிகளும் திருகோணமலைப் பெட்டிகளும் ஒன்றாகக் கொழும்பிலிருந்து வந்து இங்கே பிரியும் வழக்கம் நெடுநாள் இருந்தது. நடுச்சாமத்தில் பெட்டிகள் முட்டும் சத்தத்தில் விழித்து, தாங்கள் சரியான பெட்டியில்தான் இருக்கிறோமா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்ட அனுபவம் நம்மில் வயது போனவர்களுக்கு இருக்கும். அந்தக் காட்டுப் பகுதியில் வண்டி மெல்லத்தான் போகும், போகவும் வேண்டும். 2025 பெப்ரவரி 20 அதிகாலையில், மட்டக்களப்பிலிருந்து கொழும்பு போன வண்டி ஹபரணைப் பகுதியில் யானைக் கூட்டத்தோடு மோதி ஆறு யானைகள் இறந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பாதையின் வரலாற்றில் அந்த யானைகளுக்கும் இடம் உண்டு. யானை நடமாட்டத்துக்காக வேகம் குறைக்கச் சொல்லும் பலகையும் ஒரு நாள் வரலாற்றுப் படமாகும்.

அக்போபுரவைத் தாண்டினால் கந்தளாய். குளக்கோட்டன் பெயரோடு சேர்த்து நாம் சொல்லும் குளம், நெல்வயல், பழைய சீனித் தொழிற்சாலை எல்லாம் உள்ள ஊர். 1986 ஏப்ரல் 20ஆம் தேதி குளத்தின் அணை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்ட ஊரும் அதுதான். பிறகு முள்ளிப்பொத்தானை. பிறகு தம்பலகாமம். ஆதிகோணநாயகர் கோயிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வயலுமாக இருக்கும் தம்பலகாமத்தில் பயிர் பச்சை கட்டும் காலத்திலும், அறுவடைக்கு முந்திய மஞ்சள் காலத்திலும் ஒரே இடத்தில் நின்று இரண்டு படம் எடுங்கள். தெமோதரைக்கு இணையாக வைக்க நமக்கு ஒன்று கிடைக்கும்.

அடுத்தது சீனக்குடா. என் கணிப்பில் இலங்கை ரயில் பாதைகளிலேயே இவ்வளவு வரலாறு நெருங்கிக் கிடக்கும் இடம் குறைவு. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் இன்றும் 99 நிற்கின்றன, பெரும்பாலானவை மரங்களுக்குள் மறைந்து. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தின் மேலும் இந்தச் சீனக்குடாவின் மேலும் குண்டு போட்டபோது ஒரு தாங்கி எரிந்தது. அந்தப் போர்க்காலம் முழுவதும் படையினரும் பண்டங்களும் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த வழிகளில் இந்தத் தண்டவாளமும் ஒன்று. அந்தப் படையினரில் இங்கேயே தங்கிவிட்டவர்களின் கல்லறைகளை நாம் உப்புவெளியால் போகும்போதெல்லாம் கடந்து போகிறோம். போருக்குப் பிந்திய காலத்தில் பிறீமா மா ஆலை வந்தது. சீனக்குடாவிலிருந்து கோதுமை மா ஏற்றிய வண்டி கொழும்புப் பக்கம் போகிறது. நாட்டின் பாணுக்கும் ரொட்டிக்குமான மா இந்தப் பாதையால் போவதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்? பயணிகள் வண்டியை எடுக்கிறவர்கள் சரக்கு வண்டியை ஏனோ விட்டுவிடுகிறார்கள். அதையும் எடுங்கள்.

இளைய வாசகர்கள் என்ஜின்களைப் பற்றிக் கேட்பார்கள். இலங்கையில் நீராவி போய் டீசல் வந்த மாற்றத்தை முன்னின்று நடத்தியவர் பி. டி. ரம்பால. தலைமைப் பொறிமுறைப் பொறியியலாளரான முதல் இலங்கையரும் அவரே. பிறகு பொது முகாமையாளராகவும் இருந்தார். யாழ்தேவி, உடரட்ட மெனிக்கே, ருகுணு குமாரி என்று வண்டிகளுக்குப் பெயர் சூட்டும் வழக்கம் அவர் காலத்தில் பிறந்தது. கொழும்புத் திட்ட உதவியில் 1954 முதல் கனடாவிலிருந்து வந்த எம்2 வகை என்ஜின்களுக்கு ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, மனிற்றோபா என்று கனடிய மாகாணங்களின் பெயர்களை வைத்தார்கள். அவற்றில் சில எழுபது ஆண்டுகளை நெருங்கியும் ஓடின. மனிற்றோபா என்ற 591ஆம் இலக்க என்ஜின்தான் ஆழிப்பேரலை நாளில் பெரேலியவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு அலையில் அகப்பட்ட வண்டியை இழுத்துப் போனது. அதைத் திருத்தி, பக்கவாட்டில் அலை ஓவியம் தீட்டி மறுபடி பாதையில் விட்டார்கள். அலையில் உறவுகளை இழந்த நம் ஊரவர்களுக்கு அந்த என்ஜினின் படத்தைக் காட்டினால் விளக்கம் சொல்லத் தேவை இருக்காது.

என்ஜின் அறிவு பழைய படங்களுக்குத் தேதி போடவும் உதவும். படத்தில் எம்2 நின்றால் அது 1954க்குப் பிந்தியது. எம்4 என்றால் 1975க்குப் பிந்தியது. வாரணாசியில் செய்த எம்8 என்றால் 1996க்குப் பிந்தியது. உங்கள் பெரியப்பா மேடையில் நிற்கும் படத்தின் பின்புறத்தில் ஒன்றும் எழுதியிருக்காவிட்டாலும், அவருக்குப் பின்னால் நிற்கும் வண்டி காலத்தைச் சொல்லிவிடும்.

ரயிலைப் படம் எடுத்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் அமெரிக்கரான வின்ஸ்ரன் லிங்க். 1955இல் நோர்ஃபோக் அன்ட் வெஸ்ரேர்ன் என்ற ரயில் கொம்பனி நீராவியைக் கைவிடப்போகிறது என்று அறிந்து, 1960 வரை தன் சொந்தச் செலவில் அந்தப் பாதை நெடுகப் போய்ப் படம் எடுத்தார். அதிகமும் இரவில். மின்னல் விளக்குகளைக் கம்பியால் தொடுத்து வரிசையாக மரங்களிலும் கூரைகளிலும் கட்டி, வண்டி வந்த கணத்தில் எல்லாவற்றையும் ஒருசேர எரிய விடுவார். அவருடைய புகழ்பெற்ற ஒரு படத்தில் ஒரு திறந்தவெளி சினிமா. முன்னால் காருக்குள் இளஞ்சோடி, திரையில் ஒரு விமானம், பின்னால் புகை கக்கிக்கொண்டு போகும் வண்டி. ரயில் அங்கே ஒரு ஓரத்தில்தான் இருக்கிறது. ஊர் மக்கள் வாழ்கிறார்கள், வண்டி அவர்களின் பக்கத்தால் போகிறது. இன்றைக்கு ரோனோக் நகரத்தில் அதே கொம்பனியின் பழைய பயணிகள் நிலையத்திலேயே அவர் படங்களுக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. இங்கிலாந்தில் எரிக் ட்ரேசி என்று ஒரு ஆயர் இருந்தார். ஆயராக வேக்ஃபீல்ட் மறைமாவட்டத்தை நடத்திய மனிதர், ஓய்வு கிடைத்தபோதெல்லாம் கமராவோடு ரயில் பாதை ஓரம் நின்றார். 1978இல் அப்பிள்பி ஸ்ரேசனில் நீராவி வண்டியைப் படமெடுக்கக் காத்திருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது.

லிங்க் செய்ததைத்தான் நம் பிள்ளைகளும் செய்யவேண்டும் என்று விரும்புகிறேன். என்ஜினை மட்டும் எடுத்தால் அது எந்த நாட்டிலும் எடுத்த படமாக இருக்கலாம். மெயில் வந்து நிற்கும் விடியலில், நித்திரைக் கலக்கத்தோடு பிள்ளையைத் தோளில் போட்டபடி இறங்கும் தாயை எடுங்கள், அவரிடம் கேட்டுக்கொண்டு. வாசலில் நிற்கும் ஓட்டோக்காரர்களை எடுங்கள். கச்சான் விற்கிறவரை எடுங்கள். மூன்று மொழியிலும் ஊர்ப்பெயர் எழுதிய பலகையை, பழைய வாங்குகளை, சாமான் நிறுக்கும் தராசை, ஒளிக்கூண்டை, பாதை திருத்தும் தொழிலாளர் வெயிலில் சிலிப்பர்க் கட்டை மாற்றுவதை எடுங்கள். இவற்றைப் பற்றி எவரும் நூல் எழுதப்போவதில்லை. ஒரு நாள் லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகும்போதுதான் அவை அங்கே இருந்தன என்பதே தெரியும்.

ரப்லெட் முறையை எத்தனை பேர் கவனித்திருக்கிறீர்கள்? ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டி வராமல் காக்கும் பழைய ஏற்பாடு அது. இரண்டு நிலையங்களிலும் ஒன்றோடொன்று மின்கம்பியால் தொடுத்த பெட்டிகள் இருக்கும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு உலோக வில்லைதான் வெளியே வரும். அது கையில் இல்லாமல் சாரதி அடுத்த துண்டுப் பாதைக்குள் நுழையக்கூடாது. பெரிய வளையத்தில் அந்த வில்லையைச் செருகி நிலைய ஊழியர் நீட்ட, ஓடும் வண்டியிலிருந்து வாங்கிக்கொண்டு போவார்கள். மலைநாட்டிலும் கிழக்கிலும் பல பத்தாண்டுகள் உயிர்களைக் காத்த முறை. கணினிச் சமிக்ஞைகள் வரும்போது இது போய்விடும், போவதில் தவறும் இல்லை. போவதற்கு முன் அந்தக் கை நீளும் கணத்தை எடுத்துவிடுங்கள். அதேபோல அட்டை ரிக்கற். தடித்த சிறு அட்டையில் ஊர்ப்பெயர் அச்சடித்து, இரும்புப் பொறியில் தேதி குத்தித் தரும் அந்த ரிக்கற் இங்கிலாந்தில் எட்மண்ட்சன் என்பவர் 1830களின் கடைசியில் தொடங்கிய முறை. உங்கள் வீட்டுப் புத்தகங்களுக்குள் அடையாளத்துக்கு வைத்த ஒன்று கிடந்தால் எறியாதீர்கள்.

விலை கூடிய கமரா வேண்டும் என்று தயங்க வேண்டாம். கைத்தொலைபேசி போதும். வண்டி ஓடும்போது எடுக்கிறவர்கள் கமராவில் ஐந்நூறில் ஒரு விநாடியோ அதைவிட வேகமோ வைத்தால் படம் கலங்காது. வண்டி வருவதற்கு முன்பே அது வந்து நிற்கும் இடத்துக்குக் குவியத்தைப் பொருத்தி வையுங்கள். வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். நடுப்பகல் வெயிலில் நம் ஊர்ப் படங்கள் வெளிறிப்போகும், முகங்கள் கருத்துப்போகும். காலை எட்டு மணிக்குள் அல்லது மாலை நாலரைக்குப் பிறகு எடுங்கள். வண்டியின் மூக்கோடு படத்தை வெட்டிவிடாதீர்கள். அது போகும் திசையில் கொஞ்சம் வெளி விடுங்கள். எடுத்த அன்றே இடம், தேதி, வண்டி, என்ஜின் இலக்கம் நான்கையும் எழுதி வையுங்கள். பிறகு எழுதலாம் என்று விட்ட படங்களுக்கு ஒரு வருடத்தில் ஊரும் பேரும் இல்லாமல் போகும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், பெற்றோர் இதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். தண்டவாளத்தின் மேல் நிற்பதும் நடப்பதும் சட்டப்படி குற்றம். அதைவிட, உயிர் போகும். டீசல் வண்டி எதிர்க்காற்றில் வரும்போது மிகக் கிட்ட வரும்வரை சத்தம் கேட்காது. செல்ஃபிக்காகப் பாதையில் நின்று இறந்த இளையவர்களின் செய்தியை எத்தனை முறைதான் படிப்பது? மேடையிலோ, கடவையின் கேற்றுக்கு வெளியிலோ, வயல் வரம்பிலோ நின்று எடுங்கள். கல்ஓயா, கந்தளாய்க் காட்டுப் பக்கம் வண்டிக்குள் இருந்து எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யானைக்குப் படம் பற்றித் தெரியாது. நிலையத்துக்குள் எடுக்கும்போது நிலைய அதிபரிடம் முதலில் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், அதோடு ஒரு நல்ல கதையும் சொல்லுவார்கள். சீனக்குடா விமானப்படைத் தளமும் துறைமுகத்தின் கடற்படைப் பகுதிகளும் கமராவுக்கு விலக்கு. ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். இந்த மாவட்டத்தில் அந்த எண்ணத்தையே விட்டுவிடுவது நல்லது.

புதிய படங்களைவிட எனக்குப் பழைய படங்களில்தான் ஆவல் அதிகம். ஒளிந்துகிடக்கும் பழைய படங்கள் இந்த ஊரில் குறைவாக இருக்கலாம், ஆனால் இந்த ஊரவர்களிடம் இருக்கின்றன. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கும் நம் உறவுகள், ஊரை விட்டுப் போகும்போது கொண்டுபோன ஒன்றிரண்டு அல்பங்களில் தேடிப் பார்க்கட்டும். ரயில்வேயில் வேலை செய்த தமிழர் குடும்பங்களை மறக்கக்கூடாது. யாழ்ப்பாணத்திலிருந்து மலேயாவுக்குப் போய் ஸ்ரேசன் மாஸ்டர்களாகவும் எழுதுவினைஞர்களாகவும் அந்நாட்டு ரயில்வேயை நடத்திய ஒரு தலைமுறை இருந்தது. இங்கேயும் கிழக்குப் பாதை நிலையங்களில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே மேசையில் கடமை பார்த்தார்கள், குவாட்டஸில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தார்கள். அவர்கள் பிள்ளைகளின் பிறந்தநாள் படத்தின் பின்னணியில் தெரியும் கைகாட்டி மரம்தான் நமக்கு வேண்டியது. அப்படிப்பட்ட படம் எந்த இனத்தவரின் வீட்டில் கிடைத்தாலும் நம் பாதையின் படம்தான்.

பழைய படம் கிடைத்தால் அவசரப்படாதீர்கள். அல்பத்தில் ஒட்டிப்போனதைப் பிய்க்க வேண்டாம், அல்பத்தோடே படம் எடுங்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒட்டிக்கொண்டதையும் அப்படியே. ஃப்ளாஷ் போட வேண்டாம். ஜன்னல் ஓரத்தில், நேர்வெயில் படாத இடத்தில் மேசையில் படுக்க வைத்து, தொலைபேசியை அதற்கு நேர் மேலே சமமாகப் பிடியுங்கள். ஸ்கானர் இருந்தால் 600 டிபிஐக்குக் குறையாமல் வையுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்ரூடியோ முத்திரை, மங்கிய மையெழுத்து எல்லாம் அங்கேதான் இருக்கும். புதிதாக எழுதுவதானால் மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள், பேனா மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். பழைய நெகட்டிவ் சுருளில் வினாகிரி வாசம் வந்தால் அது அழியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து முதலில் பிரதி எடுங்கள். பிரதி ஒன்று உங்களிடம் இருக்கட்டும், ஒன்றை வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுங்கள். 1990உம் 2004உம் நமக்குக் கற்றுத் தந்தது அது. நம் ஏடுகளையும் இதழ்களையும் 2005 முதல் எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் நிறுவனம் போன்றவை நம்மிடையே இருக்கின்றன. படங்கள் ஓரளவு சேர்ந்ததும் அங்கே ஒப்படைப்பதுதான் முறை.

ரயில்வே திணைக்களத்திடமும் ஒரு வேண்டுகோள். 2014இல் ரயில்வேயின் நூற்றைம்பதாம் ஆண்டுக்குக் கடுகண்ணாவையில் தேசிய ரயில் அருங்காட்சியகம் திறந்தீர்கள், நல்ல காரியம். ஆனால் சாம்பல்தீவுப் பள்ளிக்கூடப் பிள்ளை அதைப் பார்க்க நாட்டின் மறுபாதிக்குப் போக வேண்டும். 2027இல் திருகோணமலை நிலையத்திலேயே ஒரு அறை ஒதுக்குங்கள். கழற்றி வைத்த ரப்லெட் பெட்டி, பழைய விளக்கு, ரிக்கற் குத்தும் பொறி, பெயர்ப்பலகை ஆகியவற்றைப் பழைய இரும்புக்கு விற்றுவிடாமல் அதில் வையுங்கள். சுவர்களுக்கான படங்களை ஊரார் நாங்கள் தருகிறோம்.

எங்கள் பங்குக்கு, அடுத்த இதழிலிருந்து நூற்றாண்டு முடியும் வரை ஒவ்வொரு மாதமும் இரண்டு பக்கங்களை இந்தப் பாதையின் படங்களுக்கு விடுகிறோம். ஒன்றில் புதுப்படம், ஒன்றில் பழைய படம். பரிசு, போட்டி எதுவும் வைக்கவில்லை. பாடசாலை மாணவர் அனுப்பும் படத்துக்கும் தேர்ந்த படப்பிடிப்பாளர் அனுப்பும் படத்துக்கும் ஒரே அளவு இடம்தான். மூலப் படத்தை அனுப்ப வேண்டாம், பிரதி போதும். யார் எடுத்தது, எங்கே, எந்த ஆண்டு, படத்தில் இருப்பவர்கள் யார், அவர்களுக்கு அச்சிடச் சம்மதமா என்ற விவரங்களோடு அனுப்பிவையுங்கள். வீட்டில் எண்பது வயது தாண்டிய பெரியவர்கள் இருந்தால் இந்தக் கிழமையே அவர்களிடம் அல்பத்தைக் கொடுத்து, ஒவ்வொரு முகத்துக்கும் பேர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்